மால்டாவுக்கு ஆறு, ரோமா மக்களுக்கு எத்தனை?

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். அந்தத் தேர்தலில் நம்முடைய பழைய வழக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது.

1979 முதல் அந்த உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஜூனில் 27 நாடுகளிலிருந்து 720 பேர் தேர்வானார்கள். நம் ஊரைப் போல அதிக வாக்கு வாங்கிய ஒருவரே தொகுதியை அள்ளிக்கொண்டு போகும் முறை அங்கே கிடையாது. எல்லா நாடுகளிலும் விகிதாச்சாரத் தேர்தல்தான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஜெர்மனிக்கு 96 இடம், மால்டாவுக்கு 6. மால்டாவின் மக்கள்தொகை ஐந்தரை லட்சம் அளவுதான். தலைக்கணக்குப்படி ஒரு இடம்கூட முழுதாகத் தேறாது. ஆனாலும் சிறிய நாட்டின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்று எந்த நாட்டுக்கும் ஆறு இடத்துக்குக் குறையாமல் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை யாரும் சலுகை என்று ஏசுவதில்லை. தகுதி போய்விட்டது என்று புலம்புவதுமில்லை.

சரி, ரோமா மக்களுக்கு? பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து போனவர்கள். இன்று ஒன்றியத்துக்குள் ஏறக்குறைய 60 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான குடியிருப்பு, பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு என்று அவர்கள் படும் பாடு நமக்குப் புதிதல்ல. தலைக்கணக்குப்படி ஒன்பது இடமாவது வர வேண்டும். ஆனால் ஒதுக்கீடு ஒன்றுகூட இல்லை. ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, பல்கேரியா என்று சிதறிக் கிடப்பதால் போகுமிடமெல்லாம் அவர்கள் சிறுபான்மை. நாடு இருந்தால் பாதுகாப்பு. சேரி என்றால் கட்சியின் தயவு.

அந்தத் தயவில் சிலர் போயிருக்கிறார்கள். 1986இல் ஸ்பெயினிலிருந்து ஹுவான் தெ தியோஸ் ராமிரேஸ் எரேதியா உறுப்பினரானார். 2004இல் ஹங்கேரியிலிருந்து லிவியா யாரோக்கா முதல் ரோமா பெண் உறுப்பினரானார். இருவரும் பெரிய கட்சிகளின் ஆட்கள். அந்த இரு நாடுகளிலும் கட்சி போட்ட பட்டியலின் வரிசையை வாக்காளர் மாற்ற முடியாது.

அண்ணல் அம்பேத்கர் 1932இல் போராடியது இந்தச் சிக்கலோடுதான். சிதறிக் கிடக்கும் மக்கள் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்க அவர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. பூனா ஒப்பந்தத்தில் அது பறிபோனது. மிஞ்சியது, நம் வாக்காளர்கள் மட்டும் கூடி முதலில் நான்கு பேரைத் தெரிவு செய்யும் முதல்கட்டத் தேர்தல். அரசியலமைப்புச் சட்டத்தில் அதுவும் இல்லாமல் போனது. இன்று மக்களவையில் நமக்கு 84 தனித்தொகுதிகள் இருக்கின்றன. வேட்பாளரை முடிவு செய்வது கட்சித் தலைமை. வெற்றியை முடிவு செய்வது ஊர்.

விகிதாச்சார முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் ரோமா மக்களைப் பார்க்கட்டும். பட்டியல் யார் கையில் இருக்கிறதோ, பிரதிநிதியும் அவர்கள் கையில்தான். தனித்தொகுதி வேட்பாளரை முதலில் சேரி தெரிவு செய்யட்டும். அந்த முதல்கட்டத் தேர்தலை நாம் மறுபடியும் கேட்க வேண்டும்.