“நாட்டுக்கோழிதானே, ஒன்றும் ஆகாது”

புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குபவருக்கு ஊரில் கிடைக்கும் முதல் யோசனை, “நாட்டுக்கோழிதானே, அதற்கு ஒன்றும் ஆகாது” என்பதுதான். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் குப்பையைக் கிளறித் தின்றுவிட்டுப் பொழுது சாயும்போது தானே வந்து அடையும். ஊசியும் மருந்தும் பிராய்லருக்குத்தான் என்று சந்தையில் குஞ்சு விற்பவரும் சொல்கிறார், பக்கத்து வீட்டுப் பெரியவரும் சொல்கிறார், கோழி வளர்த்து லட்சத்தில் சம்பாதிக்கலாம் என்று காணொளி போடுபவரும் சொல்கிறார். இதில் பாதி உண்மை. நாட்டுக்கோழி தன் இரையைத் தானே தேடும், குஞ்சைத் தானே பொரிக்கும், பருந்து வட்டமிட்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்க்கும். வெயிலையும் தீவனக் குறைவையும் பிராய்லரைவிட நன்றாகத் தாங்கும். இத்தனை திறமை இருப்பதால் நோயையும் தாங்கிவிடும் என்று முடிவுகட்டுகிறோமே, அங்கேதான் பிழை. புழக்கடைக் கோழி வளர்ப்பைத் திரும்பத் திரும்ப அழித்துவருவதும் அந்தப் பிழைதான்.

நோய் என்று பொதுவாகப் பேசினால் விவாதம் கைக்குச் சிக்காமல் போகும். ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் கோழிச் சீக்கு, வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் என்பார்கள். கோழி இரையெடுக்காமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும், வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். தப்பியவற்றிலும் சில கழுத்து திருகி, கால் இழுத்து, கொத்திய தானியத்தை அலகில் பிடிக்க முடியாமல் மெலியும். காரணம் ஒரு வைரஸ். வந்தபின் குணப்படுத்த மருந்தே கிடையாது. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் வீரியமான வகை நுழைந்தால் பத்தில் ஒன்பது சாகும், சில வேளை கூண்டே காலியாகும். அசில், சிறுவிடை, பெருவிடை, கடக்நாத், வெள்ளை லெகார்ன், பிராய்லர் எல்லாமே ஓர் இனத்தின் வகைகள்தாம். வைரஸுக்கு அவை அத்தனையும் ஒன்றுதான். அந்த வைரஸை எதிர்க்கும் சக்தி ஒரு கோழிக்கு மூன்று வழிகளில்தான் வருகிறது: ஏற்கெனவே நோய் கண்டு பிழைத்திருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அல்லது குஞ்சாக இருந்தால் தாயிடமிருந்து மஞ்சள் கரு வழியாகச் சில வாரத்துக்கு மட்டும் கிடைத்திருக்க வேண்டும். குப்பையில் மேய்வதால் அது வருவதில்லை. பார்க்கப்போனால், மேய்ச்சல்தான் நாட்டுக்கோழியை அதிக ஆபத்தில் வைக்கிறது. நான்கு வீட்டுக் கோழிகளோடு கலந்து மேய்வதும், சந்தையில் வாங்கிய புதுக்கோழியோடு ஒரே தண்ணீர்த் தட்டில் குடிப்பதும், தெருவில் வீசப்பட்ட கோழிக்கழிவைக் கொத்துவதும் நாட்டுக்கோழிதான்.

“இந்த நோயெல்லாம் பிராய்லர் பண்ணைகள் வந்தபின் வந்தவை” என்று ஒரு கட்சி உண்டு. வரலாறு அதற்கு எதிராக இருக்கிறது. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில், ராணிக்கெட்டில் பதிவானது. அன்று இந்தியாவில் பிராய்லர் பண்ணை என்ற ஒன்றே கிடையாது. அந்தத் தொழில் இங்கே வேர்பிடித்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. அதே குமாவுன் மலையில் முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் வைரஸை வீரியம் குறைத்து உருவாக்கிய வகைதான் இன்றுவரை இறக்கையில் ஊசியாகப் போடப்படுகிறது. இன்னொரு சான்றும் உண்டு. 1980-களிலிருந்து ஆஸ்திரேலிய ஆய்வாளர் பீட்டர் ஸ்பிராட்பிரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் குளிர்சாதன வசதி இல்லாத ஊர்களுக்கென்றே வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். தான்சானியா, மொசாம்பிக் போன்ற நாடுகளில் அது போய்ச் சேர்ந்தது பெரும் பண்ணைகளுக்கு அல்ல, குடிசை வாசலில் மேயும் நாட்டுக்கோழிகளுக்கு. அங்கே அவை கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்ததால்தான் அந்த மருந்துக்கே தேவை எழுந்தது.

“ஊசி இல்லாமலே எங்கள் பாட்டி காலத்தில் கோழிகள் நன்றாக இருந்தனவே” என்பது இவற்றைவிட வலுவான மறுப்பு. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய மறுப்பும்கூட. அந்தக் காலத்திலும் சீக்கு வந்தது. கோடை தொடங்கும்போது ஊரோடு கோழிகள் விழுந்ததும், குழி தோண்டிப் புதைத்ததும், விழுவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்ததும் எந்த ஊரிலும் புதிய செய்தி அல்ல. அழிவு கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நாட்டுக்கோழியின் இனப்பெருக்கம். தப்பிய ஒரு பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 21 நாள் அடைகாத்தால், ஆண்டுக்கு மூன்று ஈற்றில் முற்றம் மறுபடி நிறைந்துவிடும். கோழிக்குலம் தழைத்தது, கோழிகள் தழைக்கவில்லை. இன்று முற்றத்தில் நிற்பவற்றை மட்டும் எண்ணிப் பார்த்து, செத்துப்போனவற்றைக் கணக்கிலேயே சேர்க்காத பார்வையிலிருந்துதான் “ஒன்றும் ஆகாது” என்ற நம்பிக்கை பிறக்கிறது. அந்தச் சாவுகளின் நட்டத்தைச் சுமந்தவர்களும் கணக்கில் வரவில்லை. கோழிக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் காசு: பிள்ளைக்கு நோட்டு வாங்குவது, திருவிழாவுக்குச் சேலை எடுப்பது, அவசரத்துக்கு ஒரு சேவலை விற்று மருத்துவமனைக்குப் போவது. ஒரு வாரத்தில் அது மொத்தமும் போனால் அவர்கள் யாரிடமும் இழப்பீடு கேட்டதில்லை. மீதியிருந்த ஒரு பெட்டையை அடைவைத்தார்கள். அந்தப் பொறுமையைத்தான் கோழியின் நோய் எதிர்ப்புச் சக்தி என்று நாம் தவறாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். மேலும், அன்று புழக்கடையில் கோழி நான்கைந்துதான் இருந்தது. இன்று தொடங்குபவர் கடன் வாங்கி, கொட்டகை போட்டு, ஐம்பது குஞ்சோ நூறு குஞ்சோ ஒரே நாளில் இறக்குகிறார். அவருக்குப் பாட்டியின் கணக்கு உதவாது.

“ஊசி போட்ட பிறகுதான் என் கோழிகள் செத்தன” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எப்போது போட்டார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் தெருவில் சீக்கு விழுந்தபின்தான் ஊசி நினைவுக்கு வருகிறது. அதற்குள் கிருமி உடலில் புகுந்திருக்கும். அறிகுறி தெரிய ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஊசி வேலைசெய்யவும் நாள் வேண்டும். எனவே சாகப்போகும் கோழிக்கு ஊசி போட்டுவிட்டு ஊசியைப் பழிக்கிறோம். இன்னொரு காரணம், வயது தவறுவது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து மென்மையானது. எட்டு வாரத்தில் இறக்கைத் தோலடியில் போடும் ஊசி வீரியம் கூடியது. இரண்டாவதைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் கெடுதல்தான். மருந்தைச் சட்டைப்பையில் போட்டு வெயிலில் எடுத்துவந்தாலும் அது பயனற்றுவிடும். போடும் முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லும் காரணங்களே இவை. போடாமல் இருக்க இவற்றில் ஒரு காரணமும் இல்லை.

தூய்மையின் பெயரால் வரும் எதிர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பு மருந்தில் ஹார்மோன் இல்லை. கோழியின் உடல் தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளத் தூண்டும் வீரியம் குறைந்த வைரஸ்தான் இருக்கிறது. “ஊசி வேண்டாம், இயற்கையாக வளர்க்கிறேன்” என்பவர் சீக்கு வந்ததும் பதறிப்போய் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் தூளை வாங்கித் தண்ணீரில் கரைக்கிறார். அது வைரஸை ஒன்றும் செய்யாது. இறைச்சியிலும் முட்டையிலும்தான் மிச்சமாகத் தங்கும். சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், வேப்பிலை அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் குறைசொல்லவில்லை. சளிக்கும் செரிமானத்துக்கும் அவை துணையாகலாம். ஆனால் இந்த வைரஸுக்கு எதிராகக் கோழியைத் தயார்படுத்தும் வேலையை எந்த உருண்டையும் செய்யாது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு நியாயமான குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். தடுப்பு மருந்துக் குப்பிகள் நூறு, இருநூறு, ஐந்நூறு கோழிகளுக்கு என்ற அளவில் வருகின்றன. கலக்கியபின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் நூறு கோழிக்கான மருந்தை வாங்கி என்ன செய்வார்? கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன் நடப்பதால் காலம் சரிதான், ஆனால் சித்திரையில் பொரித்த குஞ்சு அடுத்த முகாமுக்குள் வளர்ந்து, முட்டையிட்டு, செத்தும்போகும். 2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே அதிகமாக, 12 கோடிக்கு மேல் கோழி வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. இங்கே ஆண்டுக்கு ஒரு முகாம் போதாது; குஞ்சு பொரிக்கும் பருவங்களை ஒட்டி மூன்று நான்கு முறையாவது நடக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய, தீவனம்போல் தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்து ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் கேட்டவுடன் கிடைக்க வேண்டும். குஞ்சுகளை மானியத்தில் கொடுக்கும் எந்தத் திட்டமும் அவற்றுக்கான தடுப்பு மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதுவரை, புதிதாகத் தொடங்குபவர் குஞ்சு வாங்குமுன் தெருவில் கோழி வைத்திருக்கும் பத்து வீட்டாரைச் சேர்த்து ஒரு குப்பிக்கும் ஒரு நாளுக்கும் பேசி முடிக்கட்டும். கொட்டகைக்குக் கம்பி வலை வாங்குவது அதற்குப் பிறகு.