கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியல். மனிதன் போட்ட 'டிக்'!

ஆவடியில் தயாராகும் 'அர்ஜுன்' டாங்கியைக் குடியரசு தின அணிவகுப்பில் பலர் பார்த்திருப்பார்கள். அந்த டாங்கி முதலில் பிறந்தது ஒரு பட்டியலில்!

"எங்களுக்கு இன்னின்ன வேண்டும்" என்று 1972-ம் ஆண்டில் ராணுவம் எழுதிக் கொடுத்தது. 1974-ல் அரசாங்கம் அனுமதி அளித்தது. ஆவடி போர் வாகன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை நடந்தது. முதல் தொகுதி டாங்கிகள் ராணுவத்தின் கைக்கு வந்தது 2004-ல். முப்பது ஆண்டுகள்! இடையில் பட்டியலும் திருத்தப்பட்டது.

இத்தனை காலம் கழித்து, கேட்டதெல்லாம் வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மளிகைச் சீட்டு

வீட்டில் என்ன செய்கிறோம்? பையன் கடையிலிருந்து வந்ததும், அம்மா சீட்டை வைத்துக்கொண்டு சாமானை எண்ணுகிறாள். துவரம்பருப்பு வந்ததா? டிக். மல்லி வரவில்லையே! சீட்டில் இல்லாத மிட்டாய் எப்படி வந்தது?

அம்பத்தூரில் இந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. லேத்துப் பட்டறைகளுக்குப் பேர்போன அந்தத் தொழிற்பேட்டையில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. உள்ளே சாப்ட்வேர் எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் கேட்டது ஒவ்வொன்றும் சாப்ட்வேரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் அங்கே ஒரு வேலை. ஆயிரக்கணக்கான வரிகள்!

சீட்டில் இல்லாத சாமான் என்ன செய்யும்? 1996 ஜூன் 4-ந் தேதி, ஐரோப்பிய நாடுகளின் 'ஏரியன்-5' ராக்கெட் புறப்பட்ட சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. பழைய ஏரியன்-4 ராக்கெட்டின் சாப்ட்வேரை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு பகுதிக்குப் புதிய ராக்கெட் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது. ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. தனக்குக் கொள்ளாத பெரிய எண் ஒன்று வரவே, வழிகாட்டும் கருவி நின்றுபோயிற்று.

இயந்திரத்தின் உதவி

ஒப்பிடும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள். இரண்டு தாள்களிலும் ஒரே சொல் வந்தால், "இவை இரண்டும் ஜோடி" என்று அது பட்டியல் போடும். இதில் வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் போர் டாங்கியும் 'டாங்க்' தான். எண்ணெய்த் தொட்டியும் 'டாங்க்' தான். இயந்திரம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும்! ஒரு தாளில் 'துப்பாக்கி', இன்னொன்றில் 'ஆயுதம்' என்று இருந்தால், உண்மையான ஜோடியை விட்டுவிடும்.

அதனால் கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். மனிதர் பார்த்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

விசித்திர முடிவு

அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹேய்ஸ், கலிபோர்னியாவின் அலெக்ஸ் டெக்தியார் முதலியோர் இதைப் பரிசோதித்தார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. மாணவர்களிடம் கம்ப்யூட்டர் பட்டியல்களைக் கொடுத்தார்கள். சில பட்டியல்கள் நல்லவை, சில மோசமானவை. எது எப்படி என்று சொல்லவில்லை.

மோசமான பட்டியல் கிடைத்தவர்கள் அதைத் திருத்தி நன்றாக்கினார்கள். நல்ல பட்டியல் கிடைத்தவர்களோ, பெரும்பாலும் அதைக் கெடுத்துவிட்டார்கள்! சரியான ஜோடிகளை அடித்தார்கள், தவறானவற்றைச் சேர்த்தார்கள்.

ஏன்? "திருத்து" என்று கையில் கொடுத்தால், எதையாவது திருத்தாமல் விட மனம் வருமா? பரீட்சைத் தாளில் முதலில் எழுதிய சரியான விடையை அடித்துவிட்டு வந்து அழும் பிள்ளைகள் எத்தனை பேர்!

இப்போது செயற்கை அறிவும் வந்துவிட்டது. அது சொல்லின் பொருளையும் ஓரளவு பார்க்கிறது. பட்டியல் இன்னும் அழகாக வருகிறது. பட்டியல் நன்றாக இருக்க இருக்க, பார்க்கும் ஆளின் நேரத்தைக் குறைக்கத்தான் முதலாளிக்குத் தோன்றும். அது தவறு. எந்த ஜோடியில் கம்ப்யூட்டருக்கே சந்தேகம் என்று பார்ப்பவருக்குக் காட்டவேண்டும். அடித்த ஜோடியை இன்னொருவர் பார்க்க வேண்டும். பூந்தமல்லியிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்தவர், மாலை ஆறு மணிக்கு ஆயிரமாவது வரியில் நிற்கிறார். அந்த வரி ஒரு பிரேக்கைப் பற்றியதாகவும் இருக்கலாம்.