'மேடே'யா, 'பான் பான்'னா? நடுக்கடலில் சிக்கினால் எதைச் சொல்லணும்?

கரையில் விபத்து என்றால் 108. மருத்துவ ஆலோசனை மட்டும் போதும் என்றால் 104. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் இருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு?

செல்போன் சிக்னல் இருக்கும்வரை இந்திய கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் கைகொடுக்கும். சிக்னல் போய்விட்டால் விஎச்எஃப் வயர்லெஸ்தான். அதில் சேனல் 16 அவசர அழைப்புக்கானது. துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டு சரக்குக் கப்பல்களும் இதைக் கேட்கும். அவர்களுக்குத் தமிழ் புரியாது. அதனால் இரண்டு வார்த்தைகள் முக்கியம்.

மேடே: உயிருக்கே ஆபத்து. படகு மூழ்குது, தீப்பிடிச்சிருச்சு என்றால் மூன்று முறை சொல்லணும். 'எனக்கு உதவுங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சு சொல்லில் இருந்து வந்தது. 1927 வாஷிங்டன் மாநாட்டில் சர்வதேச அங்கீகாரம் பெற்றது.

பான் பான்: அவசரம்தான், ஆனால் உடனடி உயிர் ஆபத்து இல்லை. இன்ஜின் நின்னுபோச்சு என்றால் இதை மூன்று முறை சொல்லணும். 'பழுது' எனப் பொருள்படும் பிரெஞ்சு சொல்தான் மூலம்.

அடுத்து என்ன?

படகின் பெயர், ஜிபிஎஸ் காட்டும் இடம், 'சிங்கிங்', 'ஃபயர்', 'இன்ஜின் ஃபெயிலியர்' என நடந்தது, படகில் எத்தனை பேர் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லணும்.

ஏன் இந்த வித்தியாசம்?

மேடே கேட்டால் அருகில் உள்ள கப்பல்கள் வழியை மாற்றி உதவிக்கு வரணும். சாதாரண இன்ஜின் கோளாறுக்கு அதைச் சொன்னால், நிஜமாகவே மூழ்கும் இன்னொரு படகுக்கு உதவி தாமதமாகலாம். அதே நேரம், இன்ஜின் நின்ற படகு பாறையை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டால் தயங்கவே கூடாது: மேடே!