வெற்றிடமும் ஒரு விடையே

புள்ளியியல் என்றாலே பலருக்குக் கசப்பு. உயிரற்ற எண்களைக் கூட்டிக் கழிக்கும் பாடம் என்பது அவர்கள் எண்ணம். எண்ணுவதிலும் நீதி உண்டு, அநீதி உண்டு என்பது என் கருத்து.

கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் சிறந்த புள்ளியியல் அறிஞரும் ஆவார். கிரிமியப் போரில் (1853–1856) இறந்த பிரிட்டிஷ் வீரர்களைத் தடுக்கக்கூடிய நோய், போர்க்காயம், பிற காரணங்கள் என மூன்றாகப் பிரித்து, 1858-இல் வரைபடமாகக் காட்டினார். காயத்தால் மாண்டவரைவிட நோயால் மாண்டவரே மிகப் பலர் என்பது அதனால் உலகுக்கு விளங்கிற்று. இப்படி வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எழுதுவதே நிகழ்வெண் பட்டியல்.

இன்று கணிப்பொறி அப்பட்டியலை நொடியில் தந்துவிடுகிறது. அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 40 மாணவியரிடம், “இன்று காலை என்ன உண்டீர்கள்?” என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். இட்லி 14, பழைய சோறு 12, ரொட்டி 8. மீதி 6 பேர் ஒன்றும் எழுதவில்லை. அந்த 6 இடங்களையும் ‘விடுபட்டவை’ எனக் குறித்து, ‘ஆர்’ என்னும் மென்பொருளில் ‘டேபிள்’ என்று ஆணையிட்டால், நாம் தனியே கேட்டாலன்றி அவர்களைக் காட்டாது. 34 பேருக்கே கணக்கு வரும். இட்லி உண்டோர் நூற்றுக்கு 35 என்பது 41 ஆகிவிடும்.

“விடை தராதவரை எப்படி எண்ணுவது?” என்று சிலர் கேட்கலாம். அந்த 6 பேரில் பட்டினியாக வந்து, அதை எழுத நாணியவள் ஒருத்தி இருந்தால்? பட்டியல் அழகாக இருக்கும். அவள் பசி மட்டும் அதில் இராது.

வகைகளை அமைப்பதும் மனிதரே. 2011-ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண், பெண் என்பவற்றோடு ‘மற்றவர்’ என்ற பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 4,87,803 பேர் அதில் பதிவாயினர். அவர்கள் அன்று புதிதாகப் பிறந்தவர்களா? இல்லையே! அதுவரை அவர்களுக்கென ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

99 ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்கிறோம். ஒன்று குறைகிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததனால் அன்றோ அறிந்தார்! ஆகவே தோழியரே, நாம் பட்டியலிடும்போது ‘விடை தராதோர்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்போம். பிறகு அவர்கள் ஏன் எழுதவில்லை என்று அன்போடு கேட்போம்.