அந்த 40 மார்க் எங்கே போச்சு?

“பரீட்சை நல்லாத்தானே எழுதினான், ஏன் பி2?” முதல் பருவ ரேங்க் கார்டைப் பார்த்ததும் ஆறாம் வகுப்புப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது.

தமிழ்நாட்டு சமச்சீர் கல்வியில் ஆறாம் வகுப்புக்கு மூன்று பருவம், ஐந்து பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மார்க். ஆனால் பருவத் தேர்வுக்கு 60தான். மீதி 40 வளரறி மதிப்பீடு. அதில் 20, வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கு. இன்னொரு 20, அவ்வப்போது வைக்கும் சிறு தேர்வுகளுக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வில் 48, வளரறியில் 22 வாங்கினால் மொத்தம் 70. அது பி2. தேர்வில் 40தான், ஆனால் வளரறியில் 36 என்றால் 76. அது பி1! கடைசி வாரம் கண்விழித்துப் படித்தாலும் விட்டுப்போன அந்த 40 திரும்பி வராது.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில், “மார்க் ஏன் குறைஞ்சுது?” என்று மட்டும் கேட்காதீர்கள். “செயல்பாட்டில் எவ்வளவு, சிறு தேர்வில் எவ்வளவு?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகங்கள் என்பதால், முடிந்த பாடம் அடுத்த தேர்வில் வராது. அதனால் பழைய புத்தகத்தை உடனே பரணில் போட்டுவிடாதீர்கள். இப்போது விகிதம் புரியாத பிள்ளைக்கு, ஏழாம் வகுப்பில் சதவீதம் வரும்போதுதான் இடிக்கும்.

கார்டைப் பார்த்ததும் திட்டுவதற்கு முன், பிள்ளையோடு உட்கார்ந்து அந்த 40ஐ ஒருமுறை கூட்டிப் பாருங்களேன்!