சூதாடும் மகனை எங்கே அழைத்துப் போவது?

மகன் சம்பளத்தைச் சீட்டாட்டத்தில் விடுகிறான். தங்கையின் நகையும் போய்விட்டது. பெற்றோர் என்ன செய்கிறார்கள்?

வட்டிக்கு வாங்கி அவனுடைய கடனை அடைக்கிறார்கள். சாமி படத்தின் முன் சத்தியம் வாங்குகிறார்கள். "ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்" என்று பெண் பார்க்கிறார்கள்.

இது பெரிய தவறு. மகன் திருந்தமாட்டான். யாரோ பெற்ற பெண்ணின் நகையும் அடகுக் கடைக்குப் போகும்!

இது ஒரு நோய்

விட்ட பணத்தைப் பிடிக்க மேலும் ஆடுகிறான். நிறுத்த நினைத்தாலும் முடிவது இல்லை. இதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ய, 2025-ம் ஆண்டில் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. நல்ல காரியம். ஆனால், மனதில் ஏறிய வெறி சட்டத்தால் மட்டும் இறங்காது. வைத்தியமும் வேண்டும்.

எது நல்ல இடம்?

"ஒரே மாதத்தில் குணம்" என்று சத்தியம் செய்யும் இடத்துக்குப் போகாதீர்கள். சூதாட்டத்தை மறக்கடிக்கும் மாத்திரை கிடையாது. பேசிப் பழக்குவதுதான் முக்கிய வைத்தியம். ஆடும் ஆசை எப்போது வருகிறது? வந்தால் எப்படி அடக்குவது? இதை மனநல ஆலோசகர் பல வாரங்கள் பேசிப் பழக்குவார். மனச்சோர்வும் சேர்ந்து இருந்தால், மருத்துவர் அதற்கு மருந்து தருவார்.

சேர்க்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. மனநல மருத்துவர் இருக்கிறாரா? இடம் பதிவு பெற்றதா?

2. மகனை நாங்கள் வந்து பார்க்கலாமா?

3. குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுவீர்களா?

4. வீடு திரும்பிய பிறகும் கவனிப்பீர்களா?

ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வேறு இடம் பாருங்கள். "அடித்துத் திருத்துவோம்" என்றால் உடனே திரும்பி வந்துவிடுங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது.

பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். 2022-ம் ஆண்டு தொடங்கிய இந்தச் சேவை இரவும் பகலும் உண்டு.

"செத்துப் போகிறேன்" என்று மகன் சொன்னால், மிரட்டுகிறான் என்று நினைக்காதீர்கள். தனியே விடாதீர்கள். அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டிலே...

வைத்தியம் நடக்கும்போது அவன் கையில் மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். கடன்களை ஒன்று விடாமல் எழுதச் சொல்லுங்கள். சிறுகச் சிறுக அவனே உழைத்து அடைக்கட்டும். நடுவில் ஒரு நாள் சறுக்கலாம். திட்டித் துரத்தாமல், மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முதலில் மகன் குணமாகட்டும். கல்யாணம் காத்திருக்கும்!