ஒன்றரை லட்ச ரூபாய் டாக்கும் ஓடுகிற சீலிங் ஃபேனும்

ஆடியோ பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் ஒரு சொல் கண்டிப்பாக அடிபடும்: டாக். டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் என்பதன் சுருக்கம். கம்ப்யூட்டரிலோ போனிலோ பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. ஸ்பீக்கருக்கு எண் புரியாது, மின்சார அலைதான் புரியும். நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறவர்தான் இந்த டாக். நம் போனிலும் டிவியிலும் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. அதையே தனிப் பெட்டியாக, பளபள அலுமினிய உடம்போடு, சில ஆயிரத்தில் ஆரம்பித்து பல லட்சம் வரை விற்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பாட்டுக் கேட்க லட்ச ரூபாய் டாக் தேவையில்லை. அந்தக் காசுக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறது. "பி.காம் படிக்கிற பையனுக்கு இதில் என்ன தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு: ஐயா, இது காதை விட கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம் :-)

சோனியும் பிலிப்ஸும் 1982ல் குறுந்தகட்டைக் கொண்டு வந்தபோது வைத்த அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். ஓர் அலையை முழுசாகத் திரும்பப் பெற அதன் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் காலத்துக் கணிதம். அதனால்தான் 44.1. 16 பிட் என்றால் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி.

இந்த 96ஐ நம்ம ஊருக்குக் கொண்டு வந்து பார்ப்போம். கோவிலம்பாக்கத்தில் ஒரு வீடு. மேலே ஃபேன் ஓடுகிறது. வெளியே மேடவாக்கம் மெயின் ரோடு, லாரி, ஆட்டோ, போதாக்குறைக்கு மெட்ரோ வேலை. அறைக்குள் சத்தம் 40 டெசிபலுக்குக் கீழே இறங்குவதே கஷ்டம். பாட்டின் மிக மெல்லிய ஓசை அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்றால் உச்ச சத்தம் 40 கூட்டல் 96, அதாவது 136 டெசிபல் வைக்க வேண்டும். காது வலிக்கத் தொடங்குவதே 120, 130 வாக்கில். ஆக, நாற்பது வருடத்துக்கு முந்தைய குறுந்தகட்டின் கொள்ளளவையே நம் ஹால் முழுசாகப் பயன்படுத்த முடியாது. இதில் 24 பிட், 32 பிட் என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டினால் யாருக்கு லாபம்? அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கிற ஆப்பிளின் சின்ன ஹெட்போன் ஒயரில் இருக்கும் டாக்கே குறுந்தகட்டுக்குத் தேவையானதை எட்டிவிடுகிறது.

"கணக்கெல்லாம் சரி தம்பி, காதால் கேட்டால் வித்தியாசம் தெரிகிறதே?" என்பார்கள். நியாயமான கேள்வி. 2007ல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உயர்தர டிஸ்க்கில் இருந்து வரும் இசையை ஒரு முறை நேராகவும், ஒரு முறை குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கியும் போட்டுக் காட்டினார்கள். எது எது என்று சொல்லவில்லை. மொத்தம் 554 தடவை. சரியாகச் சொன்னது 276. அதாவது 49.8 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும்.

2022ல் நடந்தது இன்னும் சுவாரசியம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலை உயர்ந்த இசைத்தட்டுகளை, டிஜிட்டல் தொடாத சுத்த அனலாக் என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 2011ல் இருந்தே அவற்றில் பலவற்றில் டிஜிட்டல் படி ஒன்று நடுவில் இருந்தது என்று அந்த வருடம் தெரிய வந்தது. "டிஜிட்டல் என்றால் எனக்கு உடனே தெரியும்" என்று சொன்ன காதுகள் அத்தனை வருடமும் கண்டுபிடிக்கவில்லை. விஷயம் கோர்ட் வரை போனது.

எங்கள் பாடத்தில் அக்கர்லாஃப் என்பவரின் 1970ம் ஆண்டுக் கட்டுரை ஒன்று வரும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெட்டுப் போகும் என்பது அதன் சாரம். டாக் சந்தைக்கு அது அப்படியே பொருந்தும். தரத்தை நாமே சோதிக்க முடியாதபோது விலையையே தரம் என்று எடுத்துக்கொள்கிறோம். எம்க்யூஏ என்ற ஒலி வடிவம் 2014ல் வந்தது. அதை முழுசாகக் கேட்க அதற்கென்று உரிமம் வாங்கிய டாக் வேண்டும் என்றார்கள், மக்களும் வாங்கினார்கள். 2023ல் அந்த நிறுவனம் நிதி நெருக்கடியில் விழுந்து கை மாறியது. 2024ல் டைடல் அதைக் கைவிட்டது. கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வசதி இப்போது பெரும்பாலும் பெட்டியில் ஒரு முத்திரைதான்.

எங்கள் தெருவில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். எழுபதுகளின் பாட்டு என்றால் உயிர். "தம்பி, நீ காமர்ஸ்தானே, ஒன்றரை லட்சத்துக்கு டாக் பார்த்து வச்சிருக்கேன், கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். வந்த பணத்தில் பாட்டுக்கென்று அவர் ஒதுக்கியதே அவ்வளவுதான். ஸ்பீக்கர் இருபது வருடப் பழசு, அதுவும் அலமாரித் தட்டுக்குள் சுவரை ஒட்டி அடைந்து கிடக்கிறது. சுற்றிலும் டைல்ஸ், கண்ணாடி, வெறும் சுவர். வயது அறுபதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கேட்பது வெகுவாகக் குறைந்துவிடும். அவர் பார்த்து வைத்த டாக்கோ அதையும் தாண்டி எங்கேயோ போகிற அலைகளைப் பற்றிப் பெருமை பேசுகிறது. இதை அவரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சொன்ன வரிசை இது. முதலில் ஸ்பீக்கரை அலமாரியில் இருந்து எடுத்து ஸ்டாண்டில், சுவரில் இருந்து தள்ளி வைக்க வேண்டும். அப்புறம் கனமான திரை, ஒரு கம்பளம், புத்தக அலமாரி. எதிரொலி அடங்கினாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து நல்ல ஸ்பீக்கர், பட்ஜெட்டில் பெரும் பங்கு அதற்குத்தான். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணைக் கட்டிக்கொண்டாலும் தெரியும். பிறகு பாட்டின் மூலம். நைந்த டேப்பில் இருந்து அவசரமாக ஏற்றிய கோப்பை எந்த டாக்கும் காப்பாற்றாது. கடைசியில் மிச்சம் இருப்பதில் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு டாக்.

எதிர்க்கட்சி சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. சில டாக்குகள் நிஜமாகவே வேறு மாதிரி கேட்கும். வடிகட்டி இல்லாத பழைய பாணி டாக்குகள் குறுந்தகட்டு இசையில் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 3 டெசிபல் குறைத்துவிடும். அதைத்தான் இதமான ஒலி என்கிறார்கள். அந்த இதம் ஈக்வலைசரில் இலவசமாகவே கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் இணைத்தால் ஸ்பீக்கரில் "உம்ம்" என்று இரைச்சல் வருகிறதா? அது எர்த் பிரச்சினையாக இருக்கலாம். ஆப்டிகல் ஒயர் போட்டுப் பாருங்கள், அதில் மின் இணைப்பே கிடையாது. ரிமோட், நிறைய இணைப்பு வசதி, உள்ளூரில் சர்வீஸ், இதற்கெல்லாம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதிலும் தப்பில்லை. அழகான பெட்டி பிடித்திருக்கிறது, காசும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதை அழகுக்கு வாங்கினேன் என்று சொல்லுங்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு சோதனை. கடைக்காரரிடம் இரண்டு டாக்கையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டச் சொல்லுங்கள். இரண்டின் சத்த அளவையும் மீட்டர் வைத்துச் சமன் செய்ய வேண்டும், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். நண்பர் ஒருவர் மாற்றி மாற்றிப் போடட்டும், நீங்கள் பார்க்காமல் சொல்லுங்கள். 16 தடவையில் 12 சரியாக வந்தால் நம்பலாம். வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர 100க்கு 4 கூட வாய்ப்பில்லை. 8, 9 என்று வந்தால் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு ஸ்பீக்கர் பகுதிக்கு நடையைக் கட்டுங்கள்.

சார் இன்னும் முடிவு செய்யவில்லை. ஸ்டாண்டு மட்டும் வாங்கி விட்டார். அதுவே ஒரு நல்ல ஆரம்பம்தான்.